மௌனம் சம்மதம் அல்ல: குக்கி, டேக், ஒப்புதல் குறித்துச் சில குறிப்புகள்

1

‘மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி’ என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவருகிறோம். யாருடைய மௌனம், யார் எடுத்துக்கொள்ளும் சம்மதம் என்று கேட்பதில்லை. பெண் பார்க்க வந்த கூட்டத்தின் முன்னால் தலைகுனிந்து நிற்கிறவளிடம் ‘என்னம்மா, பிடிச்சிருக்கா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அவள் வாய்திறக்காததையே பதிலாக எடுத்துக்கொண்டு தட்டு மாற்றிவிடுவார்கள். பின்னால் அவள் அழுதால், ‘அன்னிக்கே சொல்லியிருக்கலாமே’ என்பார்கள். பேசாதவளின் பேசாமைக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் கேட்டவர்களிடமே இருக்கிறது என்பதுதான் இந்தப் பழமொழியின் அரசியல்.

இணையதளங்களில் திரையின் அடியிலிருந்து எழும்பி வருகிற குக்கி பேனரைப் பார்க்கும்போது எனக்கு இந்தத் தட்டு மாற்றும் காட்சி நினைவுக்கு வருகிறது. ‘உங்கள் அந்தரங்கத்தை நாங்கள் மதிக்கிறோம்’ என்று தொடங்கி, ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்ற பெரிய பட்டனில் முடிகிற சடங்கு. இதைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும்? நாமும் இப்போது தளம் நடத்துகிறவர்கள் என்பதால்தான்.

பழைய சிறுபத்திரிகைகளை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவரும் நண்பர்கள் சில மாதங்களுக்கு முன் கூப்பிட்டிருந்தார்கள். பாரீஸிலும் ஜெர்மனியிலும் இருக்கிற தமிழர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள், அங்கே ஏதோ சட்டமாம், பார்க்கணும் என்றார்கள்.

‘அந்த பேனர் ஒண்ணு போட்டுட்டா போதும் தோழர், சிக்கல் வராது.’

‘போட்டா என்ன ஆகும்?’

‘என்ன ஆகும்... எல்லாத் தளத்துலயும் இருக்குதே.’

தளத்தைத் திறந்து, எந்த பட்டனையும் அமுக்காமல், உலாவியின் உள்ளே என்னென்ன போய்வருகிறது என்று பார்த்தோம். எழுத்துரு ஓர் இடத்திலிருந்து, வீடியோ இன்னோர் இடத்திலிருந்து, வாசகர் எண்ணிக்கையைக் கணக்கிடும் ஸ்கிரிப்ட் வேறிடத்திலிருந்து, பகிர்வு பட்டன் மற்றோரிடத்திலிருந்து. வாசகர் ஒரு வரி படிப்பதற்கு முன்பே நான்கு வெளியாட்களுக்குச் செய்தி போயிருந்தது. இதன்மேல் ஒரு பேனரை ஒட்டியிருந்தால், அது சும்மா துணித்திரையாகத்தான் தொங்கியிருக்கும்.

2

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். இணையத்தின் அடிப்படை நெறிமுறைக்கு ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் கொடுக்கும். அடுத்த நிமிடம் மறுபடி போய் நின்றால் ‘யார் நீ?’ என்கும். கடை நடத்த இது ஒத்துவராது. கூடையில் போட்ட பொருளை அடுத்த பக்கத்துக்குப் போவதற்குள் கடை மறந்துவிடும். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மோன்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தளம் ஒரு சிறு எழுத்துத் துண்டை உலாவியிடம் கொடுத்துவைக்கும். உலாவி அடுத்தமுறை வரும்போது அதைத் திருப்பிக் காட்டும். இதுதான் குக்கி. கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வாங்கிக்கொள்கிற டோக்கன் மாதிரி.

டோக்கனில் தவறில்லை. ஆனால் ஒரே ஆள் ஊரிலுள்ள எல்லாக் கோயில் வாசலிலும், சாராயக்கடை வாசலிலும், வக்கீல் வீட்டு வாசலிலும், டாக்டர் வீட்டு வாசலிலும் ஏககாலத்தில் உட்கார்ந்துகொண்டு, நம் கையிலுள்ள அதே டோக்கனை எல்லா இடத்திலும் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தால்? ‘மூன்றாம் தரப்புக் குக்கி’ என்பது அதுதான். நாம் போனது ஒரு தளத்துக்கு. டோக்கன் கொடுத்தது வேறோர் ஆள். டபிள்கிளிக் முதலிய விளம்பர நிறுவனங்கள் தொண்ணூறுகளிலேயே இந்த வாசல்களைப் பிடித்துக்கொண்டன. டபிள்கிளிக்கை கூகுள் வாங்கி முடித்தது 2008இல்.

இந்த ஆபத்து அன்றைக்கே தெரிந்துதான் இருந்தது. மோன்டுல்லியும் டேவிட் கிறிஸ்டலும் எழுதி 1997 பிப்ரவரியில் வெளிவந்த குக்கி தரநிலை ஆவணம், மூன்றாம் தரப்புக் குக்கிகளை உலாவிகள் அனுமதிக்கக் கூடாது, குறைந்தபட்சம் யாரும் எதுவும் சொல்லாத நிலையில் அவை அணைந்தே இருக்க வேண்டும் என்றது. பெரிய உலாவிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. ‘யாரும் எதுவும் சொல்லாத நிலை’ என்பதை நினைவில் வையுங்கள். கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

‘டேக்’ என்பது குக்கி அல்ல. குக்கியை வைக்க ஆள் கூட்டிவருவது. தளத்தின் நிரலில் ஒட்டப்படும் சில வரி. பக்கம் திறந்ததும் அந்த வரி வெளியே போய், எங்கோ இருக்கும் ஸ்கிரிப்ட்டைக் கூட்டிவந்து வாசகரின் கருவியிலேயே ஓடவிடும். எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எங்கிருந்து வந்தார், எதை அமுக்கினார் என்று அது அனுப்பும். 2012இல் கூகுள் ‘டேக் மேனேஜர்’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. தளத்தில் ஒரே ஒரு டேக்கை ஒட்டிவிட்டால் போதும். பிறகு நிரல் எழுதுபவரைக் கேட்காமலேயே விளம்பரப் பிரிவினர் வெளியிலிருந்து எத்தனை டேக்கை வேண்டுமானாலும் உள்ளே விடலாம். வாசல் சாவியையே கொடுத்துவிடுகிற ஏற்பாடு.

3

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் இதை எதிர்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. 2002ஆம் ஆண்டு நெறிமுறையின்படி, வாசகருக்குச் சொல்லிவிட்டு, மறுக்க வாய்ப்புக் கொடுத்தால் போதும். 2009 திருத்தம் இதைத் தலைகீழாக்கியது: கருவியில் எதையாவது வைப்பதற்கு, அல்லது அதிலிருந்து எடுப்பதற்கு, முன்கூட்டியே ஒப்புதல் வேண்டும். உள்நுழைவு, கூடை முதலிய, வாசகர் கேட்ட சேவைக்கு இன்றியமையாத குக்கிகளுக்கு மட்டும் விலக்கு. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, ஒப்புதல் என்றால் என்ன என்பதையும் வரையறுத்தது. சுயமாக, குறிப்பாக, விவரம் தெரிந்து, ஐயத்துக்கு இடமில்லாதபடி ஒரு செயலால் தெரிவிப்பது. மௌனம், முன்கூட்டியே இடப்பட்ட டிக், சும்மா இருத்தல் ஆகியவை ஒப்புதல் ஆகாது என்று அதன் முகவுரை வெளிப்படையாகவே சொல்கிறது. நம் பழமொழிக்கு நேர் எதிரான வாக்கியம்!

வாக்கியம் எழுதினால் போதுமா? ‘பிளானட்49’ என்ற ஜெர்மன் நிறுவனம் 2013இல் ஒரு பரிசுப்போட்டி நடத்தியது. கலந்துகொள்ள வருபவர் முன் இரண்டு கட்டங்கள். ஒன்று விளம்பர அழைப்புகளுக்கானது. அதில் 57 நிறுவனங்கள் கொண்ட பட்டியல் ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கிக்கொள்ளலாம். நீக்காவிட்டால், அதிகபட்சம் 30 நிறுவனங்களை அவர்களே தேர்ந்துகொள்வார்கள். இன்னொரு கட்டம் குக்கிகளுக்கு. அதில் டிக் ஏற்கனவே போட்டுவைத்திருந்தார்கள். ஜெர்மன் நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. 2019 அக்டோபர் 1 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது: ஏற்கனவே போட்டுவைத்த டிக்கை நீக்காமல் விட்டது ஒப்புதல் ஆகாது, குக்கி எவ்வளவு காலம் இருக்கும், வேறு யார் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

டிக் போய் பட்டன் வந்தது. ஏற்க ஒரு அமுக்கு; மறுக்க ‘அமைப்புகள்’, அதற்குள் ‘பங்காளிகள்’, அதற்குள் நீண்ட பட்டியல், கடைசியில் ‘சேமி’. அலுத்துப்போய் ஆள் திரும்பிவந்து ‘ஏற்கிறேன்’ என்று அமுக்குவார். அரசு அலுவலகத்தில் மனு கொடுக்கப் போய் ஜன்னல் ஜன்னலாக அலைந்தவர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல. 2021 டிசம்பர் 31 அன்று பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், ஏற்பதைப் போல மறுப்பது எளிதாக இல்லை என்ற காரணத்துக்காகவே கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்தது. அதன் பிறகுதான் பல தளங்களில் ‘அனைத்தையும் மறுக்கிறேன்’ என்ற பட்டன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது.

4

இதுவரை சொன்னது திரைக்கு முன்னால் நடப்பது. விஷயம் திரைக்குப் பின்னால் இருக்கிறது. பட்டனை எங்கே வைப்பது என்பதைவிட, பட்டன் அமுக்கப்படுவதற்கு முன் எது ஓடுகிறது என்பதே கேள்வி. இது அழகியல் விவகாரமல்ல, வரிசை விவகாரம்.

உலாவி ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. கணக்கிடும் டேக் மேலே, ஒப்புதல் கேட்கும் ஸ்கிரிப்ட் கீழே என்றிருந்தால், கேட்பதற்கு முன்பே எடுத்தாயிற்று. சரியான ஏற்பாட்டில் முதல் வரி, ‘எல்லாம் மறுக்கப்பட்டது’ என்று அறிவிக்க வேண்டும். அதற்குப் பிறகே மற்றவை. ஒப்புதல் தேவைப்படும் ஸ்கிரிப்ட்டுகளை உலாவி ஓட்டாதபடி வெறும் எழுத்தாக அடையாளமிட்டு வைத்து, வாசகர் ‘சரி’ என்ற பிறகு மட்டும் உயிர்கொடுக்க வேண்டும். மறுத்தால் அவை கடைசிவரை எழுத்தாகவே கிடக்க வேண்டும். ‘மனசு மாறிட்டேன்’ என்று வாசகர் திரும்பி வந்தால், கொடுத்த அதே எளிமையில் திரும்பப் பெற வழி இருக்க வேண்டும். வைத்த குக்கியையும் அழிக்க வேண்டும்.

டேக் மேனேஜர் மூலம் செய்தால் போதாதா? அது டேக்குகளைக் கட்டுப்படுத்துகிற கருவிதானே, தன்னளவில் அப்பாவி இல்லையா? 2025 மார்ச் 19 அன்று ஜெர்மனியின் ஹனோவர் நிர்வாக நீதிமன்றம் இல்லை என்றது. டேக் மேனேஜரை ஏற்றுவதே வாசகரின் ஐ.பி. முகவரியையும் கருவி விவரத்தையும் கூகுளுக்கு அனுப்புகிறது. ஆகவே அதற்கே முன்கூட்டிய ஒப்புதல் வேண்டும். காவல்காரனை உள்ளே விடவும் வீட்டுக்காரரின் அனுமதி தேவை என்பதுதான் இதன் சாரம்.

கூகுளின் ‘கன்சென்ட் மோட்’ என்பதையும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய வாசகர்களுக்கு விளம்பரம் செய்கிறவர்கள் 2024 மார்ச் முதல் இதன் இரண்டாம் பதிப்பைப் பயன்படுத்தியாக வேண்டும் என்று கூகுள் சொன்னது. விளம்பரச் சேமிப்பு, பகுப்பாய்வுச் சேமிப்பு, விளம்பரத்துக்கான பயனர் தரவு, விளம்பரத் தனிப்பயனாக்கம் என நான்கு சுவிட்சுகள். இதில் இரண்டு முறைகள். ‘அடிப்படை’ முறையில், ஒப்புதல் வரும்வரை டேக் ஏறாது. ‘மேம்பட்ட’ முறையில் டேக் முன்கூட்டியே ஏறும். நீங்கள் மறுத்தால் குக்கி வைக்காது. ஆனால் குக்கியில்லாத சமிக்ஞைகளை அனுப்பிக்கொண்டிருக்கும். அவற்றை வைத்து, மறுத்தவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று கணித்துக்கொள்ளும். ‘வேண்டாம்’ என்பதும் தரவாகிவிடுகிறது. பெண் ‘பிடிக்கலை’ என்று சொன்ன பிறகும், ‘அவ எப்படி சொன்னா, எந்த நேரத்துல சொன்னா’ என்று ஆராய்ந்துகொண்டிருக்கும் உறவுக்காரர்கள் மாதிரி.

இதன் உச்சம் வேறொன்று. ஐரோப்பிய விளம்பரத் தொழிலின் கூட்டமைப்பான ஐ.ஏ.பி. யூரோப், வாசகரின் தேர்வுகளை ஒரு குறியீட்டு எழுத்துச்சரமாக்கி நிறுவனங்களுக்கிடையே அனுப்பும் ஏற்பாட்டை உருவாக்கியது. அயர்லாந்தின் குடிமை உரிமைக் கவுன்சில் முதலியோர் புகார் செய்தார்கள். 2022 பிப்ரவரியில் பெல்ஜிய ஆணையம் 2.5 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. 2024 மார்ச் 7 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், அந்த ஒப்புதல் சரமே தனிநபர் தரவாக இருக்க முடியும் என்றது. என்னைக் கண்காணிக்கலாமா என்று கேட்டு நான் சொன்ன பதிலே என்னை அடையாளம் காட்டும் இன்னொரு டோக்கனாகிறது.

5

கிராம்சி மேலாண்மை பற்றி எழுதும்போது, ஆளும் வர்க்கம் வன்முறையால் மட்டுமல்ல, ஆளப்படுவோரின் சம்மதத்தாலும் ஆள்கிறது என்றார். அந்தச் சம்மதம் பள்ளியிலும் தேவாலயத்திலும் பத்திரிகையிலும் மெல்ல மெல்ல உருவாக்கப்படுவது. அதில் ஏதோவொரு நம்பிக்கை இருந்தாக வேண்டும். குக்கி பேனர் கோருகிற சம்மதத்தில் நம்பிக்கைக்கு வேலையே இல்லை. நீங்கள் எதையும் நம்ப வேண்டாம், படிக்கக்கூட வேண்டாம். அமுக்கினால் போதும், பதிவாகிவிடும். கந்துவட்டிக்காரன் வெற்றுப் பத்திரத்தில் வாங்குகிற கைநாட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கடன் வாங்கியவர் ஒத்துக்கொண்டாரா என்பது அவனுக்குத் தேவையில்லை. ரேகை இருக்கிறதா என்பதுதான் தேவை.

அல்தூசரின் போலீஸ்காரன் ‘ஏய்!’ என்று விளிக்கிறான். திரும்பிப் பார்க்கிறவன் அந்தத் திரும்பலிலேயே தன்னிலையாகிறான். பேனர் நம்மை அதட்டி விளிப்பதில்லை. ‘மதிப்புக்குரிய வாசகரே, உங்கள் விருப்பம்’ என்கிறது. சுதந்திரமாகத் தேர்வு செய்கிற தன்னிலையாக நம்மைக் கட்டமைத்துவிட்டு, விளைவின் பொறுப்பை நம் தலையில் ஏற்றுகிறது: ‘நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க.’ ஆக, கண்காணிப்பு அமைப்பின் கேள்வி, தனிநபரின் விருப்பக் கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. அப்படியானால் ஒப்புதல் கேட்பதே மோசடி, சட்டமே வீண் என்று சொல்லிவிட்டுப் போகலாமா? நான் அப்படி நினைக்கவில்லை. ‘மௌனம் சம்மதம் அல்ல’ என்ற ஒரு வரி, நிரலில் ஒழுங்காக எழுதப்பட்டால், நிஜமாகவே சில ஸ்கிரிப்ட்டுகள் ஓடாமல் நிற்கின்றன. பட்டனைத் தாண்டி, யாரும் எதுவும் சொல்லாத நிலையில் என்ன நடக்கும் என்று தீர்மானிக்கிற இடத்தில்தான் அதிகாரம் இருக்கிறது. நம் தளங்களைப் பொறுத்தவரை, அந்த இடத்தில் இருப்பது நாம்தான்.

6

‘ஸ்கிரிப்ட் கூகுளோடது, பட்டன் ஃபேஸ்புக்கோடது, எங்களுக்கு என்ன?’ என்று தப்பிக்க முடியாது. 2019 ஜூலை 29 அன்று, ‘ஃபேஷன் ஐடி’ என்ற ஜெர்மன் துணிக்கடைத் தளம் பற்றிய வழக்கில், ஃபேஸ்புக் ‘லைக்’ பட்டனைத் தன் பக்கத்தில் பொதித்து வைப்பவரும் அந்தத் தரவு சேகரிப்புக்கும் அனுப்புதலுக்கும் கூட்டுப் பொறுப்பாளி என்று தீர்ப்பாயிற்று. பட்டனை வாசகர் அமுக்கவே வேண்டியதில்லை; அது பக்கத்தில் இருந்தாலே தகவல் போகிறது. எழுத்துருகூட விலக்கல்ல. கூகுளின் செர்வரிலிருந்து எழுத்துருவை ஏற்றி, வாசகரின் ஐ.பி. முகவரியை அனுப்பிய தளத்தை 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் 100 யூரோ இழப்பீடு தரச் சொன்னது. தமிழ்த் தளங்களில் எத்தனை அங்கிருந்து எழுத்துருவை எடுக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். அந்த எழுத்துருவை இறக்கி நம் செர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். பத்து நிமிட வேலை.

அபராதத்துக்குப் பயந்து சொல்லவில்லை. பக்கத்தின் முகவரியே ஒரு வாக்குமூலம். 2022இல் ‘தி மார்க்கப்’ என்ற அமெரிக்கப் புலனாய்வு இதழ், அந்நாட்டின் முன்னணி 100 மருத்துவமனைத் தளங்களைச் சோதித்து, 33இல் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் பிக்ஸல் இருப்பதைக் கண்டது. நோயாளி மருத்துவரைப் பார்க்க நேரம் கேட்டு பட்டனை அமுக்கியதும் செய்தி மெட்டாவுக்குப் போனது. நம் தளங்களில் இருப்பவை எவை? சாதிக் கொலை பற்றிய உண்மையறியும் குழு அறிக்கை, தடுப்புக்காவல் சட்டத்தில் கைதானவர்களுக்கான சட்ட உதவிக் குறிப்பு, வீட்டைவிட்டு வெளியேற நினைக்கும் பெண் தேடிப் படிக்கிற பக்கம். இவற்றை யார், எத்தனை மணிக்கு, எந்தக் கருவியில் படித்தார் என்று வெளியாளிடம் எழுதிக்கொடுத்துவிட்டு, கீழே மனித உரிமைகள் பற்றி அச்சடித்துக்கொண்டிருந்தால் என்ன அர்த்தம்?

எனவே நண்பர்களோடு சேர்ந்து செய்ததைச் சொல்கிறேன். முதலில், உலாவியின் அந்தரங்கச் சாளரத்தில் தளத்தைத் திறந்து, எதையும் அமுக்காமல், யார் யாருக்கு அழைப்புப் போகிறது என்று பட்டியல் எடுத்தோம். இரண்டாவது, ஒவ்வொன்றையும் ‘இது எதற்கு?’ என்று கேட்டோம். பகிர்வு பட்டனை எடுத்துவிட்டு வெறும் இணைப்பு வைத்தோம். எழுத்துருவை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். வீடியோ இருந்த இடத்தில் ஒரு படத்தை வைத்து, அமுக்கினால் மட்டும் யூடியூபிலிருந்து ஏறும்படி செய்தோம். அப்படி ஏறினால் கூகுளுக்குத் தகவல் போகும் என்று ஒரு வரியும் சேர்த்தோம். எண்ணிக்கை வேண்டுமே என்றார் ஒருவர். நம் செர்வரிலேயே நிறுவிக்கொள்ளும் ‘மட்டோமோ’ என்ற திறந்தநிலை மென்பொருளைக் குக்கியில்லாமல், ஐ.பி. முகவரியின் பிற்பகுதியை அழித்து வைத்துக்கொண்டோம். எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரிகிறது. எவர் என்று தெரியவில்லை. நமக்கு எவர் என்று எதற்கு?

மூன்றாவதாக பேனர் வைப்பதாக இருந்தோம். கடைசியில் கேட்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே பேனரும் இல்லை.

எல்லோருக்கும் இது வாய்க்காது. நன்கொடை திரட்டும் அமைப்புகளுக்கு விளம்பரம் தேவைப்படலாம். அப்படியானால் மேலே சொன்ன வரிசை: முதலில் எல்லாம் மறுப்பு, ஏற்பும் மறுப்பும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், பக்கத்தில் பக்கத்தில், எதற்காக என்பது நாலு வரித் தமிழில், திரும்பப் பெற அடியில் நிரந்தர இணைப்பு. பிறகு ‘மறுக்கிறேன்’ என்று தானே அமுக்கி, உள்ளே அழைப்பு நின்றதா என்று சோதித்துப் பார்ப்பது. பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்தக் கடைசி வேலையைத்தான்.

7

இந்தியாவில்? 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலைச் சுயமான, குறிப்பான, நிபந்தனையற்ற, தெளிவான செயலால் தருவதென்றே வரையறுக்கிறது. கோரிக்கையை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. அதில் தமிழும் உண்டு. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல் தொடர்பான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். குக்கிக்கென்று தனி விதி கிடையாது. தன் அமைப்புகளுக்கு விலக்களித்துக்கொள்ளும் அதிகாரத்தை அரசு கையிலேயே வைத்திருக்கிறது. இதே சட்டத்தின் வழியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவைத் திருத்தி, ‘தனிநபர் தகவல்’ என்று சொல்லி அதிகாரிகள் பதில் மறுக்க வழி அகலமாக்கப்பட்டது. குடிமக்களின் அந்தரங்கம் பெயரில் அதிகாரிகளின் அந்தரங்கம். இது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

அந்தக் கடமைகள் வரும்போது தமிழ் பேனர்கள் பெருகும். மொழிபெயர்ப்புக்கு நம்மில் சிலரைக் கூப்பிடுவார்கள். ‘கன்சென்ட்’ என்பதற்கு என்ன சொல் போடுவது, சம்மதமா, ஒப்புதலா, இசைவா என்று கேட்பார்கள். எந்தச் சொல்லையும் போடலாம். அதற்கு முன், வாசகர் வாய்திறப்பதற்குள் அந்தப் பக்கத்தில் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுச் சொல்லைக் கொடுங்கள்.